பட்டம் ஊரைத் தேடி வரவேண்டும்: பொறியாளர் பற்றாக்குறையும் பல்கலைக்கழகங்களின் கூட்டுமுயற்சியும்

பொறியாளர் கிடைக்கவில்லை என்று நிறுவனங்கள் சொல்கின்றன. படித்து முடித்தும் வேலை கிடைக்கவில்லை என்று பட்டதாரிகள் சொல்கிறார்கள். ஒரே வட்டாரத்தில், ஒரே ஆண்டில் இந்த இரண்டு குரலும் கேட்கும். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். நிறுவனம் தேடுவது உயர் மின்னழுத்தக் கருவிகளைக் கையாளத் தெரிந்த ஒருவரை. விண்ணப்பித்திருப்பவர்கள் வேறு பிரிவில் படித்தவர்கள். அல்லது பொருத்தமான ஆள் அதே ஊரில் பிறந்து வளர்ந்தவராகவே இருப்பார். ஆனால் படிக்கப் பெருநகரத்துக்குப் போனவர் அங்கேயே வேலையில் சேர்ந்து, வீடும் பார்த்துவிட்டிருப்பார்.

இந்த இரண்டாவது நிலைமைதான் அதிகம் பேசப்படாதது. நாடு முழுவதற்கும் கணக்குப் போட்டால் பொறியாளர்கள் தேவைக்கு மேலேயே இருப்பார்கள். வட்டாரவாரியாகப் பார்த்தால் ஓரிடத்தில் குவிந்தும் இன்னோரிடத்தில் காலியாகவும் இருக்கும். அரசுகள் வழக்கமாகச் செய்வது கல்லூரி இடங்களைக் கூட்டுவது. இடங்கள் கூடினாலும், கற்றுத்தர ஆசிரியரும் ஆய்வகமும் அதே வேகத்தில் கூடுவதில்லை. பட்டம் பெற்றவர்களின் எண்ணிக்கை ஏறும், தொழிற்சாலையின் காலிப்பணியிடம் அப்படியே இருக்கும்.

பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செயல்படுவது என்ற யோசனை இங்கேதான் உள்ளே வருகிறது. தனியாக ஒரு பல்கலைக்கழகத்தால் முடியாத சில காரியங்கள் பொறியியல் கல்வியில் இருக்கின்றன. ஒரு வட்டாரத்துக்கு ஆண்டுக்குப் பதினைந்து பேர் மட்டுமே தேவைப்படும் நுண்பிரிவு என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பதினைந்து பேருக்காக எந்தப் பல்கலைக்கழகமும் தனித் துறை தொடங்காது, தொடங்கினால் கட்டுப்படியாகாது. மூன்று பல்கலைக்கழகங்கள் ஆளுக்கு ஐந்து மாணவர்களை அனுப்பி, ஒரே ஆய்வகத்தையும் இரண்டு நல்ல ஆசிரியர்களையும் பகிர்ந்துகொண்டால் காரியம் நடக்கும். கலை, அறிவியல் படிப்புகளை விடப் பொறியியலுக்கு இந்தத் தேவை அதிகம். அதன் செலவில் பெரும்பகுதி இயந்திரத்திலும் அதைப் பராமரிப்பதிலும் போகிறது.

சேர்ந்து கட்டியவர்கள்

இது புதிய யோசனை என்று நினைக்க வேண்டாம். கரீபியத் தீவுகளில் எந்த ஒரு நாடும் தனக்கென்று எல்லாத் துறைகளையும் வைத்துக்கொள்ள முடியாது, மக்கள்தொகை போதாது. மேற்கிந்தியப் பல்கலைக்கழகம் பல நாடுகளுக்குப் பொதுவானது. மருத்துவம் ஜமைக்காவில் வேரூன்றியது. பொறியியல் 1960-களின் தொடக்கத்தில் டிரினிடாடின் செயின்ட் அகஸ்டின் வளாகத்தில் தொடங்கியது. ஒரு தீவின் மாணவர் இன்னொரு தீவில் படித்துவிட்டுத் திரும்பி வந்து தன் நாட்டுச் சாலையையும் துறைமுகத்தையும் பார்த்துக்கொள்ளலாம்.

ஆப்பிரிக்காவில் 1968-இல் இதைவிடத் துணிச்சலான ஒன்று நடந்தது. பிரெஞ்சு மொழி பேசும் மேற்கு, மத்திய ஆப்பிரிக்க நாடுகள் 14 சேர்ந்து, வாகடூகுவில் ஊரகக் கட்டமைப்புப் பொறியாளர்களுக்காக ஒரு கூட்டுக் கல்லூரியை உருவாக்கின. அப்போது அந்த நகரம் அப்பர் வோல்டாவின் தலைநகரம், இன்று புர்க்கினா பாசோவின் தலைநகரம். சாகெல் வறண்ட பகுதியில் கிணறு, சிற்றணை, பாசன வாய்க்கால், கிராமக் குடிநீர் ஆகியவற்றுக்கு ஆள் வேண்டும். ஒவ்வொரு நாடும் தனித்தனியாக நீரியல் ஆய்வகம் அமைத்திருந்தால் ஒன்றுகூட முழுமையாக நின்றிருக்காது. அந்தக் கல்லூரியின் இன்றைய வடிவம் நீர், சுற்றுச்சூழல் பொறியியலுக்கான பன்னாட்டு நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. என்ன சொல்லித்தருவது என்பதை அந்த நிலமே தீர்மானித்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஐரோப்பாவில் சார்லாந்தும் லொரைனும் ஜெர்மனி-பிரான்ஸ் எல்லையின் இரு பக்கமும் இருக்கும், நிலக்கரியாலும் எஃகாலும் வளர்ந்த வட்டாரங்கள். அங்கே 1978-இல் ஜெர்மனியின் சார்ப்ரூக்கனும் பிரான்சின் மெட்ஸும் கூட்டாக ஓர் உயர்கல்வி நிறுவனத்தை ஏற்படுத்தின. மாணவர்கள் இரண்டு நாட்டிலும் மாறிமாறிப் படித்து இரண்டு பட்டமும் பெறுகிறார்கள். எல்லையைத் தினமும் கடந்து வேலைக்குப் போகும் ஆட்கள் நிறைந்த பகுதி அது. இரண்டு மொழியிலும் வரைபடம் படிக்கத் தெரிந்த பொறியாளர் அங்கே உடனடியாகப் பயன்படுவார்.

ஆசிரியர் இல்லாமல் எதுவும் இல்லை

பற்றாக்குறையின் அடியில் இருப்பது ஆசிரியர் பற்றாக்குறை. ஒரு வட்டாரத்தில் தொழில் சூடுபிடித்தால் முதலில் நிறுவனங்கள் இழுப்பது பல்கலைக்கழகத்தில் இருக்கும் நல்ல ஆசிரியர்களைத்தான், ஆராய்ச்சி மாணவர்களைத்தான். சம்பளம் இரண்டு மடங்கு என்றால் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் விதைநெல்லை எடுத்துச் சமைத்துவிட்டால் அடுத்த போகத்துக்கு என்ன செய்வது? ஐந்து ஆண்டுகள் கழித்து அதே நிறுவனம் ஆள் இல்லை என்று புலம்பும்.

தென்கிழக்கு ஆசியா இதை நேரடியாக எதிர்கொண்டது. 2001-இல் தொடங்கிய ஆசியான் பல்கலைக்கழகங்களின் பொறியியல் கல்வி வலையமைப்பு, ஜப்பானின் உதவியோடு, தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் அன்று இருந்த பத்து நாடுகளிலிருந்தும் பல்கலைக்கழகங்களைச் சேர்த்தது. அதன் முதல் வேலை புது மாணவர்களைச் சேர்ப்பதாக இருக்கவில்லை, இருக்கும் இளம் விரிவுரையாளர்களைப் படிக்க வைப்பதாக இருந்தது. ஒவ்வொரு துறைக்கும் ஒரு பல்கலைக்கழகம் பொறுப்பேற்றது. நிலவியல் பொறியியலுக்கு இந்தோனேசியாவின் கஜா மடா, பொருட்கள் (மெட்டீரியல்ஸ்) பொறியியலுக்கு மலேசியாவின் சயின்ஸ் பல்கலைக்கழகம் என்று பிரித்துக்கொண்டார்கள். கம்போடியாவிலோ லாவோஸிலோ இளநிலைப் பட்டத்தோடு பாடம் நடத்திக்கொண்டிருந்த விரிவுரையாளர் பக்கத்து நாட்டில் முதுநிலை முடித்து, முனைவர் பட்டத்தின் ஒரு பகுதியை ஜப்பானில் செய்துவிட்டு, தன் பழைய வகுப்பறைக்கே திரும்பினார். தூரத்து நாட்டுக்கு நேரடியாக அனுப்பியிருந்தால் திரும்பாமல் போகும் வாய்ப்பு கூடியிருக்கும். பக்கத்து நாட்டில் படித்தவருக்குப் பக்கத்து நாட்டு சகாக்கள் கிடைத்தார்கள். பின்னாளில் ஆய்வுத் திட்டம் எழுத அந்தத் தொடர்பு கைகொடுத்தது. நான் பார்த்த மாதிரிகளில் மிகவும் நிதானமாக யோசித்துச் செய்யப்பட்டது இதுதான்.

ஆசிரியரைப் பகிர்வதற்கு இணையவழி வேறொரு பாதை. இந்தியாவில் ஐஐடிகளும் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003 முதல் என்பிடெல் என்ற பெயரில் பொறியியல் விரிவுரைகளைப் பதிவுசெய்து எல்லோருக்கும் திறந்துவிட்டன. 2014 முதல் தேர்வும் சான்றிதழும் சேர்ந்தன. சிறிய ஊர்க் கல்லூரி மாணவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது அதைப் பார்த்துப் பாடம் படித்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் விரிவுரை என்பது பொறியியலில் பாதிதான். மீதிப் பாதி லேபில் இருக்கிறது.

லேபையும் பகிரலாம் என்று காட்டியது சுவீடனின் பிளெக்கிங்கே தொழில்நுட்பக் கல்லூரி. 1999-இல் அங்கே தொலைவிலிருந்து இயக்கும் மின்னணு ஆய்வகம் ஒன்று தொடங்கியது; பிறகு அது விசிர் என்ற கூட்டமைப்பாகப் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது. மாணவர் திரையில் ஒரு மின்தடையையும் மின்தேக்கியையும் இணைத்தால், மறுமுனையில் இருக்கும் ரிலே சுவிட்சுகள் உண்மையான பாகங்களை உண்மையாகவே இணைக்கும். அலைகாட்டியில் வரும் கோடு கணினி போட்ட கணக்கு கிடையாது, ஓடும் மின்சாரத்தின் அளவு. சுற்றைத் தவறாக இணைத்தால் தவறான விடை வரும், அங்கிருந்துதான் கற்றல் தொடங்குகிறது. அடிப்படைச் சுற்றுகளுக்கு இது போதும். ஒரு மோட்டாரின் பேரிங் தேய்ந்தால் எழும் சத்தத்தைக் கேட்டுக் கண்டுபிடிக்க, மாணவர் அந்த மோட்டாருக்குப் பக்கத்தில் நிற்கத்தான் வேண்டும்.

இரும்புச் சுரங்கத்தில் ஒரு வளாகம்

ஊரை விட்டுப் போகிறவர்களை எப்படி நிறுத்துவது? எனக்குத் தெரிந்த நல்ல பதில்களில் ஒன்று அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தின் வடக்கே, அயர்ன் ரேஞ்ச் என்ற இரும்புச் சுரங்கப் பகுதியில் இருக்கிறது. 1980-களின் எஃகு நெருக்கடியில் கடுமையாக அடிபட்ட பகுதி. இளைஞர்கள் தெற்கே நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதே சமயம் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் பொறியாளர்கள் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அங்கே இருந்தவை இரண்டாண்டுக் கல்லூரிகள் மட்டும். பொறியியல் பட்டம் கொடுக்கும் அதிகாரம் பெற்ற மாநிலப் பல்கலைக்கழகம் மன்காட்டோவில், சாலை வழியே 400 கிலோமீட்டருக்கும் மேல் தொலைவில். 2010-ஐ ஒட்டி அந்தப் பகுதியின் கல்லூரி ஒன்றும் இந்தப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தன. மாணவர் முதல் இரண்டு ஆண்டுகளை ஏதாவது ஓர் உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரியில் முடிப்பார். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு மன்காட்டோ போக வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்தின் பொறியியல் திட்டமே அயர்ன் ரேஞ்சுக்கு வந்துவிட்டது. பட்டச் சான்றிதழ் மட்டும் மன்காட்டோவின் பெயரில்.

பாடம் நடத்தும் முறையும் மாறியது. டென்மார்க்கின் வடக்கே 1974-இல் தொடங்கிய ஆல்போர்க் பல்கலைக்கழகம் பாடத்தைப் பிரச்சினையிலிருந்து தொடங்கும் முறைக்குப் பெயர்பெற்றது. அந்த முறையை இங்கே கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு செமஸ்டரிலும் சிறு குழுவாக மாணவர்கள் ஒரு ஆலையின் உண்மையான பிரச்சினையை எடுத்துக்கொள்வார்கள். கன்வேயரின் ஓரிடத்தில் தாது அடைத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் அளக்க வேண்டும், இயக்குபவரிடம் பேச வேண்டும், எந்தப் பருவத்தில் அடைப்பு அதிகம் என்று பதிவேட்டில் பார்க்க வேண்டும். வெப்ப இயக்கவியலோ பொருட்களின் வலிமையோ அந்தத் தேவையிலிருந்து படிக்கப்படும். செமஸ்டர் முடிவில் அறிக்கையை ஆசிரியரோடு ஆலைக்காரரும் கேட்பார். அவர் சும்மா தலையாட்டிவிட்டுப் போக மாட்டார். செலவு என்ன, ஆலையை எத்தனை மணி நேரம் நிறுத்த வேண்டும் என்று கேட்பார். அந்தக் கேள்வியை இருபது வயதில் எதிர்கொண்ட மாணவர் வேறு மாதிரி பொறியாளராக வளர்கிறார்.

இந்த ஏற்பாட்டில் பெரிய பெயர் எதுவும் இல்லை. இரண்டு சாதாரண அரசு நிறுவனங்கள், ஒன்று பட்ட அதிகாரத்தையும் இன்னொன்று ஊரையும் கொண்டுவந்தன. பல்கலைக்கழக ஒத்துழைப்பு என்றதும் உலகத் தரவரிசையில் மேலே இருக்கும் ஒரு வெளிநாட்டுப் பெயரைத் தேடி ஓடுகிறார்கள். வட்டாரத் திறன் பற்றாக்குறைக்கு அது பெரும்பாலும் தேவையே இல்லை. பக்கத்திலிருக்கும் பாலிடெக்னிக்கோடு ஒழுங்காக ஒரு பாதை போட்டால் போதும். பட்டயப் படிப்பு முடித்தவர் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்து, ஏற்கெனவே படித்ததைத் திரும்பப் படிக்காமல், வேலையை விடாமல் பட்டம் முடிக்க முடிந்தால், அவர் ஊரை விட்டுப் போகக் காரணமே குறைந்துவிடும்.

நிறுவனங்களின் நாட்காட்டி

தொழிலையும் படிப்பையும் மாறிமாறி வைப்பது நூறாண்டுக்கு மேல் பழையது. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 1906-இல் ஹெர்மன் ஷ்னைடர் 27 மாணவர்களோடு அதைத் தொடங்கினார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-இல் 74 மாணவர்களோடு அதே முறையில்தான் பிறந்தது. ஜெர்மனியின் பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் 1974-இல் தொழிற்கல்விக் கழகங்களாகத் தொடங்கியவை 2009-இல் ஒரே இரட்டைக் கல்விப் பல்கலைக்கழகமாக இணைந்தன. அங்கே மாணவர் முதலில் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுவிட்டுத்தான் சேர்கிறார். மூன்று மாதம் வகுப்பு, மூன்று மாதம் நிறுவனம், மூன்று ஆண்டுகளும் மாதச் சம்பளம். சிறிய ஊர்களில் இருக்கும் நடுத்தர நிறுவனங்களுக்கும் இதனால் ஆள் கிடைக்கிறது. பெரிய பெயர் இல்லாத அவை வளாகத் தேர்வில் போட்டிபோட்டு வெல்ல முடியாது. பதினெட்டு வயதிலேயே மாணவரைத் தெரிந்துகொள்வதுதான் அவற்றின் ஒரே வழி.

இதில் ஒரு ஆபத்து உண்டு. நிறுவனத்தின் இன்றைய இயந்திரத்துக்கு மட்டும் பழக்கப்பட்டவர், அந்த இயந்திரம் போனதும் தடுமாறுவார். பாடத்திட்டத்தை முழுவதும் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கக் கூடாது என்பதில் பல்கலைக்கழகம் உறுதியாக நிற்க வேண்டும். கணிதமும் இயற்பியலும் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை.

காலம் இன்னொரு சிக்கல். பொறியியல் படிக்க நான்கு ஆண்டுகள். இன்று சம்பளம் உயர்ந்திருப்பதைப் பார்த்துச் சேர்பவர்கள் நான்கு ஆண்டு கழித்து மொத்தமாக வெளியே வருவார்கள், அப்போது சந்தை நிரம்பிச் சம்பளம் இறங்கும். இறங்கியதைப் பார்த்து அடுத்த தலைமுறை விலகும், மறுபடி பற்றாக்குறை. பொருளியலாளர் ரிச்சர்ட் ஃப்ரீமன் 1970-களில் அமெரிக்கப் பொறியாளர் சந்தையில் இந்தச் சுழற்சியை விளக்கிக் காட்டினார். அறிவிப்புகளை நம்பித் துறை தொடங்குவது எவ்வளவு சிரமம் என்பதற்கு அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம் இருக்கிறது. இன்டெல் 2022 ஜனவரியில் அங்கே சிப் தொழிற்சாலை அறிவித்தது. 2025-இல் உற்பத்தி என்றது. 2025 பிப்ரவரியில் அதை 2030-31-க்குத் தள்ளிவைத்தது. இடையில் சேர்ந்த மாணவரின் நான்கு ஆண்டை யாரும் தள்ளிவைக்க முடியாது.

இங்கேயும் கூட்டாக இருப்பது பாதுகாப்பு. ஒரு பல்கலைக்கழகம் தனியாக சிப் துறை என்று பெயரிட்டு ஐந்நூறு பேரைச் சேர்ப்பதைவிட, பல பல்கலைக்கழகங்கள் வழக்கமான மின்னியல், வேதியியல், இயந்திரவியல் பட்டங்களையே வைத்துக்கொண்டு, கடைசி ஆண்டில் பொதுவான சிப் பாடங்களைச் சேர்ப்பது நல்லது. தொழிற்சாலை வராவிட்டாலும் மாணவர் கையில் எங்கும் செல்லும் பட்டம் இருக்கும். ஜப்பானின் கியூஷு தீவில் ஏறக்குறைய இந்தப் போக்கைப் பார்க்கலாம். தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சியின் குமாமோட்டோ தொழிற்சாலை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 2022-இல், சசெபோ, குமாமோட்டோ கோசென் கல்லூரிகளில் சிப் பாடங்கள் தொடங்கின. கோசென் என்பது 15 வயதில் சேர்ந்து ஐந்தாண்டு படிக்கும் தொழில்நுட்பக் கல்லூரி, 1962-இல் தொடங்கிய முறை. இருக்கும் கட்டமைப்பின் மேல் பாடங்களை ஏற்றினார்கள்.

கையெழுத்துக்குப் பிறகு

புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது எளிது. துணைவேந்தர்கள் கோப்பை மாற்றிக்கொள்ளும் படம் வரும். சிக்கல் அதற்கு அப்புறம் ஒரு மாணவரின் மதிப்பெண் பட்டியலில் தெரியும். ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் இன்னொன்றில் மின்திறன் மின்னணுவியல் படிக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அந்தப் பாடம் ஆய்வகத்தோடு சேர்த்து நான்கு கிரெடிட் (பாடத்தின் எடையைக் குறிக்கும் அலகு). இங்கே தியரி மூன்று, லேப் தனியாக ஒன்றரை. அரை கிரெடிட் உதைக்கிறது. அங்கே செமஸ்டர் மூன்று வாரம் தள்ளித் தொடங்குவதால் முடிவுகளும் தள்ளி வரும். அதற்குள் இங்கே தேர்ச்சிக் குழு கூடிக் கலைந்துவிடும். அந்தப் பாடத்துக்கு இங்கே பாடக் குறியீடு இல்லாததால் தேர்வுப் பிரிவின் மென்பொருள் அதை ஏற்காது. நன்றாகப் படித்துத் தேர்ச்சி பெற்ற மாணவரின் முடிவு நிறுத்திவைக்கப்படும். அவர் தேர்வுப் பிரிவுக்கும் துறைத்தலைவர் அறைக்கும் நடப்பதைப் பார்த்த ஜூனியர்கள் அடுத்த ஆண்டு விண்ணப்பிக்க மாட்டார்கள். ஒப்பந்தம் காகிதத்தில் உயிரோடு இருக்கும்.

இதற்குத் தீர்வு தெரிந்ததுதான். இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் பொதுவான பாடக் குழு, முன்கூட்டியே அச்சிட்ட சமநிலைப் பட்டியல், இரண்டிலும் செல்லும் ஒரே பாடக் குறியீடு. இவை மூன்றும் இல்லாமல் தொடங்கவே கூடாது என்பேன்.

பணமும் பேச வேண்டிய விஷயம். மாணவர் எண்ணிக்கையை வைத்து நிதி வரும் இடங்களில், மாணவரை வெளியே அனுப்பும் துறை தன் எண்ணிக்கையை இழக்கிறது. கற்றுத்தரும் துறைக்கோ கூடுதல் வேலை, கூடுதல் பணம் இல்லை. இரண்டு பக்கமும் நஷ்டம் என்றால் நல்லெண்ணம் எத்தனை நாள் தாங்கும்? கட்டணத்தைக் கிரெடிட் கணக்கில் பிரித்துக்கொள்ள ஒரு விதி வேண்டும். சிறிய பல்கலைக்கழகத்துக்கு இன்னொரு பயமும் உண்டு: பெரிய கூட்டாளி தன் சிறந்த மாணவர்களை நிரந்தரமாக இழுத்துக்கொள்வாரோ என்று. நியாயமான பயம். மாணவர் தன் தாய்ப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தோடுதான் வெளியேறுவார் என்று எழுதிக்கொண்டால் பயம் ஓரளவு தீரும்.

நாடுகளுக்கிடையே என்றால் அங்கீகாரம் பெரிய கேள்வி. 1989-இல் ஆறு நாடுகள் தொடங்கிய வாஷிங்டன் உடன்படிக்கை பொறியியல் பட்டங்களின் தரத்தைப் பரஸ்பரம் ஏற்கிறது. இந்தியாவும் இலங்கையும் 2014-இல் முழு உறுப்பினராயின. ஒரு படிப்பு அங்கீகாரம் பெற்றிருந்தால் இன்னொரு நாட்டில் அதன் தரத்தைக் கேள்வி கேட்க மாட்டார்கள். தொழில் செய்யும் உரிமம் அதோடு தானாக வந்துவிடாது. இதைத் தெளிவாகச் சொல்லாமல் மாணவர்களைச் சேர்ப்பது தவறு.

கூட்டுமுயற்சிகளை எதை வைத்து மதிப்பிடுவது? எத்தனை ஒப்பந்தம், எத்தனை மாணவர் பரிமாற்றம் என்ற எண்கள் அறிக்கைகளில் நிறைய வரும். வட்டாரத்துக்கு வேண்டிய எண் வேறு: பட்டம் பெற்று ஐந்து ஆண்டு கழித்து எத்தனை பேர் அந்த வட்டாரத்தில், அந்தத் துறையில் வேலை செய்கிறார்கள்? ஜெர்மனியின் சாக்சனி மாநிலம் 2024 முதல் தன் பல்கலைக்கழக மாணவர்களை ஆறு மாதம் தைவானுக்கு அனுப்புகிறது. நான்கு மாதம் தேசியத் தைவான் பல்கலைக்கழகத்தில் படிப்பு, இரண்டு மாதம் டிஎஸ்எம்சியில் பயிற்சி. அதே மாநிலத்தின் டிரெஸ்டனில் 2024 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்ட டிஎஸ்எம்சியின் தொழிற்சாலைக்கு ஆள் தயார் செய்வதுதான் நோக்கம். 2027 இறுதியில் அங்கே உற்பத்தி தொடங்கத் திட்டம். முதல் குழுவில் போனவர்கள் அப்போது டிரெஸ்டனில் இருக்கிறார்களா, தைவானிலேயே தங்கிவிட்டார்களா, வேறு தொழிலுக்கே போய்விட்டார்களா என்று பெயர் குறிப்பிடாமல் ஒரு கணக்கு எடுத்து வெளியிட்டால், இதே வேலையைத் தொடங்க நினைக்கும் மற்ற வட்டாரங்களுக்கு அதைவிடப் பயனுள்ள ஆவணம் இருக்க முடியாது.